மூத்த வீட்டுக் கை

பொன்னேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. காலையில் உள்ளே நுழைந்ததும் மேசைமேல் எனக்காகக் காத்திருப்பது ஊராரின் சளியும் மூத்திரமும் மலமும். மதியம் கையைக் கழுவிக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன மீன் குழம்புச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவேன். எனக்கு அருவருப்பு லேசில் வராது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வருவது ஒரே ஒரு ஆளை நினைக்கும்போதுதான். அந்த ஆள் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே ஃபோனை எடுத்துத் தேடுவீர்கள். அவர் எடுத்த படங்கள் வரும். "எவ்வளவு அழகா எடுத்திருக்கார்!" என்று என்னிடமே வந்து சொல்வீர்கள். நிஜமாகவே அழகாகத்தான் இருக்கும். வயிற்றைப் புரட்டுவதும் அதுதான்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. கோட்டைக்குப்பத்தைத் தாண்டிக் கொஞ்சம் போக வேண்டும். தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவரான பெரியப்பா படித்து, மெட்ராஸில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய், அங்கேயே ஃப்ளாட் வாங்கிக் குடியேறிவிட்டார். இளையவரான என் அப்பா படகோடு இருந்துவிட்டார். அப்பாவை எங்கள் பக்கத்தில் நைனா என்று கூப்பிடுவோம். அண்ணன் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் பட்டணத்தில்தான். சின்ன வயதில் ஒரு திருவிழாவுக்கு இங்கே கூட்டி வந்தார்களாம். மீன் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்து, சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிப் போனாராம். அதற்குப் பிறகு பெரியப்பா செத்து, நைனாவும் செத்து, தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில்தான் அவருக்குத் தன் வேர் எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. கையில் விலையுயர்ந்த கேமராவும் வந்திருந்தது.

முதல்முறை காரில் வந்து இறங்கியவர் வீட்டுக்குக்கூட வரவில்லை. நேராகக் கரைக்குப் போய் முட்டிபோட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் சேற்றை அள்ளி முகர்ந்தார், நெற்றியில் பூசிக்கொண்டார், "என் மண்ணு" என்றார். கூட வந்த நண்பர் அதைப் படம் எடுத்தார். அந்த இடம் மீன் குடலைக் கொட்டுகிற இடம். குப்பத்து ஆண்கள் சிலர் விடியலில் ஒதுங்குவதும் அங்கேதான். சொல்வதா வேண்டாமா என்று நானும் என் தம்பி சேகரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாதான் நாசூக்காகப் பேசினாள்.

"தம்பி, சாப்பாடு ரெடியா கீதுப்பா. கை கால் மூஞ்சி எல்லாம் நல்லா சோப்பு போட்டுக் கழுவிகினு வா."

"இருக்கட்டும் சித்தி. இந்த மண்ணு கொஞ்ச நேரம் என் மேல இருக்கட்டும்."

இருந்தது. அப்படியே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா அவருக்காகக் காலையிலிருந்து பாடுபட்டுக் கோழி பிரியாணி செய்திருந்தாள். அவர் முகம் வாடிவிட்டது. கஞ்சியும் கருவாடும் கிடைக்கும் என்று நினைத்து வந்தாராம். அம்மா பதறிப்போய் அக்கம்பக்கத்தில் கேட்டு ஒரு துண்டு கருவாடு வாங்கிவந்து சுட்டுக் கொடுத்தாள். அவர் அதை ஒரு அலுமினியத் தட்டில் வைத்து, தட்டை ஜன்னலோரம் நகர்த்தி, வெகுநேரம் படம் எடுத்தார். பிறகு பிரியாணியைச் சாப்பிட்டார்.

அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அது எடுத்துவிடுவது. படம் எடுப்பதைச் சொல்லவில்லை. படத்துக்குள் வருவதை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்துவதைச் சொல்கிறேன். "அதைக் கொஞ்சம் எடுத்துடலாமா?" என்பதை அவர் வாயால் கேட்டுக் கேட்டுக் குப்பத்துப் பிள்ளைகள் அவர் கார் சத்தம் கேட்டதுமே பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி உள்ளே போட ஆரம்பித்துவிட்டார்கள். நீல டிரம் ஆகாது. தெர்மோகோல் பெட்டி ஆகாது. டிஷ் ஆன்டெனா ஆகாது. படகில் பூட்டிய இன்ஜினைச் சாக்குப் போட்டு மூட வேண்டும். எங்கள் தண்ணீர் உப்பு என்பதால் குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். கேனைக் கதவுக்குப் பின்னால் மறைக்கச் சொல்லிவிட்டு, தாகம் எடுத்தால் கதவுக்குப் பின்னால் போய் அதைத்தான் குடித்துவிட்டு வருவார்.

அம்மாவைப் படம் எடுக்க வேண்டும் என்றபோது அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொங்கலுக்கு வாங்கிய புது நைட்டியைப் போட்டுக்கொண்டு, பவுடர் பூசி, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றாள்.

"சித்தி, பழைய புடவை ஏதாவது இருக்கா? கொஞ்சம் கிழிஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல."

"கிழிஞ்ச பொடவையா? அத்த எப்பவோ வலை தொடைக்கப் போட்டுட்டேனே தம்பி."

"அதேதான். அதைக் கட்டிக்கிட்டு வாங்களேன்."

வலை துடைக்கிற துணியைக் கட்டிக்கொண்டு என் அம்மா வந்து நின்றாள். அடுத்து பவுடரைத் துடைக்கச் சொன்னார். அடுத்து கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கண்ணாடி இல்லாவிட்டால் அம்மாவுக்கு எதிரில் இருப்பது ஆளா தூணா என்று தெரியாது. கேமரா எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு மலங்க மலங்க விழித்தாள். அவர் வரிசையாகத் தட்டித் தள்ளினார்.

அந்தப் படம் பின்னால் பட்டணத்தில் ஒரு கண்காட்சியில் ஆள் உயரத்துக்கு மாட்டப்பட்டது. எங்களையும் கூப்பிட்டிருந்தார், போனோம். காதில் பெரிய வளையம் போட்ட ஒரு அம்மாள் அந்தப் படத்தின் முன் நின்று, "அந்தக் கண்ணைப் பாருங்க, எத்தனை புயலைப் பார்த்த கண்ணு!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் உருகினார். கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்த என் அம்மாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா என் காதில், "அந்தம்மா இன்னாடி சொல்லுது?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள், வானம் தெளிந்த நாட்களில் எங்கள் கரையிலிருந்து தெரியும். ஊருக்கு அது ஆறாத எரிச்சல். அந்தத் திசையை வைத்துப் பல படங்கள் எடுத்தவர், அடுத்த முறை வரும்போது எல்லாரையும் கோயிலண்டை உட்கார வைத்து லேப்டாப்பில் காட்டினார். வானம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. எங்கள் தெருக்கோடி கிழவர் ஒருவர் திரைக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏம்பா, அங்க கிரேன் இருந்துதே, எங்க அது?"

"எடுத்துட்டேன் தாத்தா" என்றார் அண்ணன் பெருமையாக.

"அடேங்கப்பா! நாங்க இத்தினி வருசமா கொடி புடிச்சிகினு கத்தறோம், ஒண்ணியும் நடக்கல. நீ உக்காந்த எடத்துலயே எடுத்துட்டியே. அங்கயும் போயி அந்தப் பட்டன ஒரு தபா அமுக்கிட்டு வாயேன்."

எல்லாரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் படம் எடுத்துக்கொண்டார்.

அவரை மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடிந்தால் எனக்குப் பாதிப் பாரம் குறையும். எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு, சட்டம் கட்டி, வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. நல்ல படம் ஒன்றுகூட இல்லாமல் செத்துப்போகிற ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் ராஜா போல ஒரு படம் கிடைத்தது. அந்தக் கிரேன் கிழவர் செத்தபோது மாலை போட்டு வைத்தது அண்ணன் எடுத்த படத்துக்குத்தான். நைனாவைப் பற்றிப் பேசும்போது அவர் கண் கலங்கும். அது நடிப்பில்லை, நிஜக் கண்ணீர். பொய்யாக அழுதிருந்தால் நான் அவரை என்றோ மன்னித்து மறந்திருப்பேன். அழுகிறவன் நிஜமாகவே அழுதுகொண்டே நம் சோற்றில் கைவைத்தால் அவனை என்ன சொல்லித் திட்டுவது?

சோறு என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏரியில் எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிச் சில இடங்களில்தான், தண்ணீர் வற்றி வடியும்போது இறால் கூட்டமாக இறங்கும். அங்கே கம்புகளை வரிசையாக நட்டு வலையைக் கட்டினால் நல்ல நாளில் கூடை கூடையாக வரும். அந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்பதற்கு ஊரில் முறை உண்டு. அதைத்தான் பாடு என்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு. உன் பாடு வருகிற நாளில் அந்தத் தண்ணீர் உன்னுடையது. வேறு யாரும் அங்கே வலை இறக்கக் கூடாது. நீ கட்டாமல் விட்டாலும் கூடாது. பங்கு கல்யாணமான ஆணின் பேரில்தான் இருக்கும். நைனா போனபோது சேகர் சின்னப் பையன். ஊர்ப் பெரியவர்கள் இரக்கப்பட்டு, அவனுக்குக் கல்யாணமாகும்வரை பங்கு செத்தவர் பேரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். சேகர் மீசை முளைத்த நாளிலிருந்து போய் வலை கட்டினான். என்னை டெக்னீஷியன் படிப்பு படிக்க வைத்தது அந்தத் தண்ணீர்தான்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பாடு நாளில் முதல் கம்பை மூத்த வீட்டுக் கை நட வேண்டும். மூத்தவர் வாரிசு ஊரில் இருந்தால் அவரைக் கூப்பிட்டு நடச் சொல்வது இளைய வீட்டார் காட்டும் மரியாதை. பெரியப்பா வீட்டு ஆள் யாரும் வராததால் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் நடந்ததே இல்லை. அதில் அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு குறை. நாலு பேருக்கு இருக்கிற மூத்த வீடு நமக்கு இல்லையே என்று. அண்ணன் அடிக்கடி வர ஆரம்பித்ததும், யாரும் கேட்காமல் தானாகவே போய்ச் சொன்னாள்.

"தம்பி, வர்ற பாடு அன்னிக்கு நீ வந்து மொத கம்பு நடணும். உன் சித்தப்பா இருந்திருந்தா உன் கையத்தான் புடிச்சிகினு போயிருப்பாரு."

அவர் குனிந்து அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த பாடு நாளில் புது வேட்டி கட்டி, வெற்று மார்போடு இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பை நட்டார். சேகர் பின்னால் நின்று அதை ஆழமாக அழுத்தினான். கரையிலிருந்த நண்பர் வெளிச்சம் சரியில்லை என்று கத்தினார். அண்ணன் கம்பைப் பிடுங்கி மறுபடி நட்டார். நட்ட கம்பைத் தண்ணீர் வடியும்முன் யாரும் பிடுங்க மாட்டார்கள். கரையிலிருந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் அவர் கொடுத்த சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் பிடுங்கினார், மறுபடியும் நட்டார்.

"சேகர், நீ கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கோ. ஃப்ரேம்ல வர்ற."

சேகர் தள்ளி நின்றான். அதற்கடுத்த பாடு நாளிலும் தள்ளி நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போனாப் போறாருக்கா, ஆசைப்படறாரு. வலை என்னுதுதானே, எறா என்னுதுதானே" என்றான் அந்தப் பைத்தியக்காரன்.

பாடு முறையைப் புதுப்பிக்க ஊர் கூடியபோது அம்மன் கோயிலுக்குள் ஆண்கள் உட்கார்ந்தார்கள். நானும் அம்மாவும் மதிலுக்கு வெளியே நின்றோம். அண்ணன் உள்ளே சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு முறை வந்ததும் பெரியவர் ஒருவர் பேசியது மதிலைத் தாண்டிக் கேட்டது.

"எத்தினி வருசம் செத்தவன் பேருலயே ஓட்றது? மூத்த வூட்டுப் புள்ள குத்துக்கல்லாட்டம் கீறாரு. கண்ணாலம் ஆனவரு. கம்பும் அவரு கையாலதான் எறங்குது, ஊரே பாத்துச்சு. அவரு பேருல ஏத்திட்டா இன்னா?"

"சேகரு?" என்று யாரோ கேட்டார்.

"அண்ணன் தம்பிக்குள்ள இன்னாய்யா கீது? அவரு கொடுக்க மாட்டாரா?"

அண்ணன் கேமராவைக் கழுத்தில் விட்டுவிட்டுக் கை கூப்பினார். "இதைவிட எனக்கு வேற என்னங்க வேணும்?" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. சேகர் மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று பின்னால் சொன்னார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் காட்டிய மரியாதையை ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

நான் வேலையிலிருந்து நேராக வந்திருந்தேன். அண்ணன் வெளியே வந்ததும் காருக்குப் பக்கத்தில் அவரை மறித்தேன்.

"அண்ணா, உள்ள இன்னா நடந்துச்சுன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரியாம என்ன? என்னை இவங்க ஏத்துக்கிட்டாங்கம்மா. எங்கப்பா விட்டுட்டுப் போனது எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்கு."

"அது சேகருக்குச் சேர வேண்டியது. ஒரு வூட்டுக்கு ஒரு பங்குதான். உங்க பேரு ஏறிட்டா அவன் பேரு எப்பவுமே ஏறாது. எங்க ஊருல பாடு இல்லாதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"நான் என்ன வலை கட்டவா போறேன்? எப்பவும் போல அவனே கட்டட்டும். வெறும் பேருதானே. எனக்கு இது ஒரு எமோஷன், அவ்வளவுதான்."

"வெறும் பேருன்னா வேணாம்னு சொல்லிடுங்க. இப்பவே உள்ள போயி ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கோயிலைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்றுகூட எனக்கு ஒரு நொடி தோன்றியது.

"அவங்க அன்பாக் குடுத்ததை நான் எப்படி வேணாம்னு சொல்றது? அது அவங்களை அவமானப்படுத்தற மாதிரி ஆயிடாதா?"

எனக்கு வாயில் என்னென்னவோ வந்தது. அத்தனையும் சொன்னேன். எங்கள் ஊர்ப் பேச்சில், எங்கள் ஊர் வார்த்தைகளில் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. கை மெதுவாகக் கேமராவுக்குப் போனது.

"அப்படியே இரு, அசையாதே. இந்தக் கோபம்... அப்படியே எங்க பாட்டியோட கோபம்! அந்த ஐடி கார்டை மட்டும் கழுத்திலேர்ந்து கழட்டிடேன், ப்ளீஸ்."

நான் கழற்றவில்லை. அவர் தட்டிவிட்டார். பிறகு ஒருநாள் அந்தப் படம் என் கூட வேலை செய்கிற பெண்ணின் ஃபோனில் வந்தது. கழுத்து மொட்டையாக இருந்தது. கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டிருந்தார். எத்தனையோ பேருடைய சீழைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியவில்லை.

அவர் பேரில் வந்த முதல் பாடு கார்த்திகையில் அமைந்தது. மழை நின்று, முகத்துவாரம் திறந்து, தண்ணீர் சரியாக ஓடுகிற நேரம். வருஷத்தில் அப்படி ஒரு தண்ணீர் வாய்ப்பது அபூர்வம். சேகர் வலையைச் செப்பனிட்டு, கம்புகளைப் படகில் ஏற்றித் தயாராக இருந்தான். அண்ணன் விடியலில் நண்பர்களோடு வந்தார். ஒரு படையே வந்திருந்தது, எல்லார் கழுத்திலும் கேமரா. காற்று சுத்தமாக அடங்கியிருந்தது. ஏரி அசையாமல் கிடந்தது. வானத்தின் சிவப்பு அப்படியே தண்ணீரில் கிடந்தது. அவர் கரையில் நின்று பார்த்தார், பார்த்தார், பிறகு சேகரின் தோளில் கை வைத்தார்.

"இன்னிக்கு வலை வேணாம் சேகர்."

"இன்னாண்ணா சொல்ற?"

"கம்பு, வலை எதுவும் வேணாம். தண்ணி சும்மா அப்படியே இருக்கட்டும்."

"அண்ணா, இன்னிக்கு வுட்டா இந்த சீசனுக்கு இப்பிடி ஒரு தண்ணி வராதுண்ணா. எறா எறங்கற நேரம் இது."

"ஒரு நாள்தானேடா. இந்த மாதிரி வெளிச்சம் எனக்குத் திரும்பக் கிடைக்காது."

சேகர் பெரியவர்களைப் பார்த்தான். ஒருவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "அவரு பாடு, அவரு இஷ்டம்" என்றார். மற்றவர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள்.

தண்ணீர் வற்ற ஆரம்பித்தது. எங்கள் இடத்தில் இறால் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றும், பிறகு மழைத் தூறல் விழுவதுபோல் தண்ணீர் முழுக்க. ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் வலை இறக்க முடியாது. "துள்ளுறதால தண்ணி கலங்குது" என்று ஒரு கேமராக்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

அப்போது அம்மா வீட்டிலிருந்து ஒரு அலுமினியச் சட்டியோடு வந்தாள். நைட்டியை முட்டிக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

பாடு முறை வலைக்குத்தான். வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்களை அது கட்டுப்படுத்தாது. அப்படிப் பிடிக்கிற குடும்பங்கள் ஏரியைச் சுற்றி நிறைய இருக்கின்றன, நாள் முழுக்கக் கழுத்தளவு தண்ணீரில் கிடப்பார்கள். ஆனால் வலைக்கார வீட்டுப் பெண் எவளும் அதைச் செய்ய மாட்டாள். செய்தால் வீட்டுக்கே இழிவு என்று நினைக்கிற திமிர் எங்களுக்கு உண்டு. என் அம்மாவுக்கும் அது ஏகத்துக்கு உண்டு. அவள் குனிந்து, முகம் தண்ணீரில் பட, நைனாவின் தண்ணீரில் கையைவிட்டுத் தடவ ஆரம்பித்தாள். பழக்கம் இல்லை. இறால் கையில் நிற்காமல் நழுவியது. கொம்பு குத்திக் கையை உதறினாள். சேறு கிளம்பிக் கலங்கல் ஏரியில் பரவியது.

"சித்தி! சித்தி, ஒரு அஞ்சு நிமிஷம்! கொஞ்சம் வெளிய வந்துடுங்களேன்!"

அம்மா திரும்பவில்லை. "எம்மா, வாம்மா, வேணாம்மா" என்று சேகர் அழுகிற குரலில் கூப்பிட்டான். அதற்கும் திரும்பவில்லை. எனக்கோ, கெடுத்துவிட்டாள், அவர் வெளிச்சத்தைக் கெடுத்துவிட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம். அது நிலைக்கவில்லை. அண்ணன் சித்தியைக் கூப்பிடுவதை நிறுத்தினார். பிறகு அவர் கேமரா கண்ணுக்குப் போயிற்று. அவரைப் பார்த்து மற்ற எல்லாக் கேமராவும் மேலே போயின. என் அம்மாவின் முதுகைப் பார்த்து அத்தனை பேரும் தட்டித் தள்ளினார்கள்.

அந்தப் படம்தான் அவருக்குப் பரிசு வாங்கித் தந்தது. அதற்குப் பிறகு அவர் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திவிட்டார். இப்போது எங்கோ மலைப்பக்கம் போகிறார் என்று கேள்வி, அவர் மனைவி வழிப் பாட்டன் ஊராம். பாடு நாளில் ஃபோன் வரும். "என் சார்பா நீயே கட்டிக்கோ சேகர்" என்பார். பங்குக்காரர் உயிரோடு இருக்கும்போது அவர் கரைக்கு வராமல் அவர் பேருக்கு வலை இறக்க ஊர் சம்மதிக்காது. பேரை மாற்ற அவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். வருகிறேன் வருகிறேன் என்கிறார். சேகர் அடுத்தவன் படகில் கூலிக்குப் போகிறான்.

பரிசு வாங்கிய படத்தைப் பெரிய சட்டம் கட்டிக் கூரியரில் அனுப்பிவைத்தார். உடைத்து அடுப்பில் போடலாம் என்றேன். அம்மா விடவில்லை. "மூத்த வூட்லருந்து வந்தத அடுப்புல போடுவாங்களாடி? அதுவுமில்லாம இதுலதான் நான் நைட்டி போட்டுகினு என்னாட்டம் கீறேன்" என்று கூடத்துச் சுவரில் மாட்டினாள். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் தினமும் துணியால் துடைப்பாள்.

போன தை மாதம் சேகருக்குப் பெண் கொடுக்க ஒரு குடும்பம் வடக்கே எல்லைப் பக்கத்திலிருந்து வந்தது. பெண் நர்ஸ் படிப்பு முடித்து ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள், சேகரை ஒரு கல்யாணத்தில் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தாள். சேகர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். பெண்ணின் அப்பா நல்ல மனிதர், அவரும் தண்ணீரில் பிழைப்பவர். காபியை வாங்கிக்கொண்டு சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சோக்கா கீதே படம்! யாரு எடுத்தது?"

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எங்க மூத்தார் புள்ளதான். பெரிய ஆளு. எங்க பாடுகூட அவரு பேருலதான் கீது" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்ணின் அப்பா சேகரைப் பார்த்தார். சேகர் சுவரைப் பார்த்தான். அவர் காபியை மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பொண்ணுக்கு இன்னும் படிப்பு முடியலம்மா, அவ முடிக்கட்டும், அப்பறம் பேசுவோம்" என்று கை கூப்பினார்.